சரிக்கட்டாத சாப்பாடு

‘சாப்பாட்டு நேரம்’ என்று எழுதிய அட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு எடையக்கா மேசையைத் துடைக்கிறார். முதலில் ஈரத்துணி, அப்புறம் உலர்ந்த துணி. எடைச் சீட்டு அடிக்கிற இயந்திரத்தை ஓரமாகத் தள்ளி அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்துகிறார். வெளியே ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. அவர் திரும்பிப் பார்க்காமல் டப்பாவின் மூடியைத் திறக்கிறார்.

“அக்கா, ரெண்டே நிமிஷம். சீட்ட மட்டும் குடுத்துட்டா போயிடுவேன்.”

“டீசல் போடுறப்ப வண்டிய ஓட்டச் சொன்னா ஓட்டுவியா?”

“அதெப்படிக்கா ஓட்டுறது?”

“அப்ப நிழல்ல போய் நில்லு. நானும் டீசல்தான் போடுறேன்.”

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு மரத்தடிக்குப் போகிறார். அக்கா டப்பாவின் அடுக்குகளைப் பிரித்து வைக்கிறார். சோறு, பருப்பு, வதக்கிய காய், பாதியாக அரிந்த முட்டை. நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, முதல் கவளத்தை நிதானமாக வாயில் வைக்கிறார். எதிரில் இருக்கும் பார்சல் ஆபீசில் நான் எழுத்தர். என் டப்பாவோடு தினமும் இந்தக் கொட்டகைக்குத்தான் வருவேன். எங்கள் ஆபீசில் சாப்பிட உட்கார்ந்தால் மடியில் யாராவது பார்சலை வைத்துவிட்டுப் போவார்கள்.

கல் குவாரியிலிருந்தும் சிமெண்ட் குடோனிலிருந்தும் வருகிற வண்டிகளெல்லாம் இந்த எடை மேடையில் ஏறித்தான் இறங்க வேண்டும். காலியாக ஒரு தடவை, சரக்கோடு ஒரு தடவை. ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, “முன்னால எடு, முன்னால எடு, போதும், ஆளு இறங்கு” என்று அக்கா கத்துவது சாலையின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். காலி எடையைக் கூட்டிக் காட்டி, சரக்கின் எடையைக் குறைப்பதற்காகச் சிலர் கிளீனரை வண்டிக்குள்ளேயே படுக்க வைப்பார்கள். “சீட்டுக்கு அடியில தூங்குறவரு எழுந்து வரலாம், விடிஞ்சிடுச்சு” என்பார் அக்கா. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருவர் இறங்கி வருவார். யாருக்கும் கோபம் வராது. இரும்புத் தகட்டின் மேல் நிற்கிற எதையும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நாற்பதைத் தாண்டியவர். உயரம் குறைவு, குரல் அதிகம். கம்பெனி கொடுத்த சாம்பல் நிறச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்து விட்டிருப்பார். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். வேலையில் யார் என்ன சொன்னாலும் பட்டென்று பதில் வைத்திருப்பவர், தன் உடம்பைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் வாயடைத்துப் போவார். இது எனக்குத் தெரியவே வெகுநாள் ஆயிற்று.

அந்த அட்டை முன்பெல்லாம் கிடையாது. அவர் உட்கார்ந்து சாப்பிட்டே நான் பார்த்ததில்லை. அவருடைய கணவர் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். வேலைக்கு மெதுவாகக் கிளம்பினால் போதும் என்பதால் வீட்டில் சமையல் அவர் கை. டப்பாவை நிரம்பக் கட்டித் தருவார். அக்கா அதைத் திறந்து, கரண்டியால் நடுவில் ஒரு கோடு கிழித்து, ஒரு பாதியை வழித்துக் கொட்டகைக்குப் பின்னால் குடோன் நாய்க்குப் போட்டுவிட்டு வருவார். மீதிப் பாதியிலும் நின்றபடியே நாலு வாய். “வண்டி வந்துடுச்சுடி” என்று டப்பாவை மூடிவிடுவார். சில நாள் வண்டி வந்திருக்காது. அந்த நாய் மட்டும் நாளுக்கு நாள் உருண்டு திரண்டு வந்தது. குரைக்கக்கூட சோம்பல்படுகிற அளவுக்குப் பெருத்துவிட்டது. “காவல் காக்கச் சொன்னா இது கர்ப்பமா இருக்கு” என்று குடோன்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அது ஆண் நாய்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது அக்காவுக்கென்று ஒரு தனிப் பாஷை இருந்தது. “நேத்து தப்பு பண்ணிட்டேன்” என்பார். என்னவோ ஏதோ என்று பதறிக் கேட்டால், பக்கத்து வீட்டில் கொடுத்த ஒரு துண்டு கேக்கைத் தின்றிருப்பார். “இந்த வாரம் ஒழுங்கா இருந்தேன்” என்றால் ராத்திரிச் சாப்பாடு எதுவும் இல்லை என்று அர்த்தம். “எனக்குத் தண்ணி குடிச்சாக்கூட உடம்புல ஒட்டுது, நான்தான் வாயக் கட்டணும்” என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சொல்: “சரிக்கட்டணும்.” ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதைத் திங்கட்கிழமை சரிக்கட்டணும். விருந்துக்குப் போகப் போகிறோம் என்றால் போவதற்கு முன்னாலேயே சரிக்கட்டணும். வீட்டில் குளியலறை வாசலில் ஒரு எடைக் கருவி இருந்தது. காலையில் அதில் ஏறி இறங்கிய பிறகுதான் அன்றைக்குச் சிரிக்கலாமா கூடாதா என்பதே முடிவாகும்.

இது எங்கே தொடங்கியது என்று ஒருமுறை கேட்டேன். கல்யாண போட்டோவில், என்றார். ஆல்பம் வந்த அன்று உறவுக்கார அத்தை ஒருத்தி புரட்டிப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை எங்கடி? போட்டோ முழுக்க நீயே இருக்கியே” என்றாளாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். “நல்லா சிரிச்சேன்டி. அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. அவ்வளவுதான், அப்படியே பழகிடுச்சு.”

இன்னொரு சிரிப்பை நானே பார்த்தேன். மேடை காலியாக இருந்த ஒரு மத்தியானம் புதிதாக வந்த டிரைவர் ஒருவர், “நீயும் ஏறி நில்லுக்கா, ஒரு சீட்டு அடிச்சுடலாம்” என்றார். சும்மா விளையாட்டுக்குத்தான். அக்காவும் கண் மறையச் சிரித்தார். பிறகு உள்ளே வந்து, திறக்காத டப்பாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். அன்று நாய்க்கு முழுச் சாப்பாடு.

விபத்து நடந்தது ஒரு கடுமையான வெயில் நாளில். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லி, சர்க்கரை இல்லாத தேநீரிலும் வெள்ளரிக்காயிலும் அதைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு லாரியின் முன்சக்கரம் தகட்டைத் தாண்டி நிற்கிறதா என்று பார்க்க மேடைக்கு இறங்கிப் போனார். சக்கரம் தாண்டித்தான் நின்றது. வண்டிக்குப் பின்னால் வந்து கையை ஆட்டி, “பின்னால வா” என்றார். லாரி பின்னால் வரத் தொடங்கியது. அவர் அப்படியே மடிந்து தகட்டின் மேல் விழுந்தார்.

டிரைவருக்குக் கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. வரிசையில் அடுத்து நின்றிருந்த வண்டியிலிருந்து, மீசை என்று எல்லாரும் கூப்பிடுகிற பெரியவர் கதவைத் திறந்து குதித்து ஓடிவந்து லாரியின் பக்கவாட்டில் ஓங்கி ஓங்கி அடித்தார். பிரேக் கிறீச்சிட்டது. நான் ஓடிப் போனபோது சக்கரத்துக்கும் அக்காவின் தலைமுடிக்கும் நடுவே என் கையை வைக்க இடம் இருந்தது. அவ்வளவுதான் இடம். மீசைக்காரர் தரையில் உட்கார்ந்து தன் நெஞ்சைத் தானே தடவிக்கொண்டிருந்தார். தகடு அடுப்பாகக் காய்ந்திருந்தது. அக்காவின் கன்னத்தில் அந்தச் சூடு பட்ட இடம் பிற்பாடு தோல் உரிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்க வைத்து ஊசி வழியாக ஏதோ ஏற்றினார்கள். கண் விழித்ததும் டாக்டரம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“கடைசியா என்ன சாப்பிட்டீங்கம்மா?”

“தப்பா ஒண்ணும் சாப்பிடல டாக்டர்.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். “தப்பு, சரியெல்லாம் நான் கேக்கலம்மா. என்ன சாப்பிட்டீங்க?”

அக்கா யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். “வெள்ளரிக்காய்” என்றார். “நேத்து.”

பாலிஷ்காரர் கையெல்லாம் வார்னிஷோடு ஓடிவந்தார். பள்ளிச் சீருடையில் மகளும் கூட வந்தாள். எட்டாவது படிக்கிறவள். எல்லாரும் கூப்பிடுவது குட்டி என்று. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு பாலிஷ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “தினமும் நான்தானேங்க டப்பா கட்டுறேன்? காலியாத்தானே வருது?” என்று என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். நாயைப் பற்றி அவருக்கு யார் சொல்வது?

குட்டி ஸ்கூலிலிருந்து நேராக வந்திருந்தாள். முகம் வாடிக் கிடந்தது. கீழே போய் அவளுக்கு ஒரு பன்னும் தேநீரும் வாங்கிவந்து கொடுத்தேன். கட்டிலைச் சுற்றி இழுத்துவிட்டிருந்த திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து அவள் பன்னைச் சரிபாதியாகப் பிட்டாள். ஒரு பாதியைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

“ஏன்டா கண்ணு, பசிக்கலையா?”

“பாதி போதும் சித்தி. முழுசா சாப்பிட்டா நாளைக்கு சரிக்கட்டணும்.”

நாளைக்குப் பரீட்சை இருக்கிறது என்பதைப் போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். திரைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

“குட்டி, இங்க வா.”

திரையை விலக்கினோம். அக்கா ஊசி குத்தின கையோடு எழுந்து உட்கார்ந்திருந்தார். மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவளுடைய மணிக்கட்டில் கடிகாரம் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குவதை நானும் அப்போதுதான் கவனித்தேன். அக்கா என்னிடம், “எனக்கும் ஒரு பன்னு வாங்கிட்டு வாம்மா” என்றார்.

வாங்கிவந்தேன். அவர் மகளுக்கு எதிரில் உட்கார்ந்து தின்னத் தொடங்கினார். ஒரே வாயை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. பாதியில் அவரால் முடியவில்லை. குட்டியும் பைக்குள் இருந்ததை எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் மிச்சம் கிடந்தவை இரண்டு பாதிப் பன்கள், பெஞ்சில் ஒன்று, பைக்குள் ஒன்று.

மறுநாள் குட்டியையும் சோதித்துப் பார்த்தார்கள். இருக்க வேண்டிய எடையில் இல்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பள்ளியில் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்ததை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. தாயையும் மகளையும் சேர்த்தே உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அக்காவுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. “எனக்குச் சாப்பிடக் கத்துக்குடுக்க ஒரு ஆளு! அதுக்கு டோக்கன் போட்டு வரிசையில வேற நிக்கணும்” என்று பொருமினார். ஆனாலும் போனார். அந்த ஆலோசகர் சொன்னது மிகச் சாதாரணமான விஷயங்கள். வேளைக்கு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தட்டில் காயும் இருக்கட்டும், பருப்பும் முட்டையும் சோறும் இருக்கட்டும். இனிப்பு வந்தால் ஒளியாமல் எல்லார் முன்னாலும் சாப்பிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். சாப்பிட்டதற்குத் தண்டனை கிடையாது. சாப்பிடுகிற இடத்தில் யாருடைய உடம்பைப் பற்றியும் பேச்சு கிடையாது.

இதைக் கேட்ட பாலிஷ்காரர் அன்று ராத்திரி தட்டு முன்னால் உட்கார்ந்ததும் கேட்டாராம்: “அப்ப நான் என்னதான் பேசுறது? உப்பு சரியா இருக்கான்னாவது கேக்கலாமா?” குட்டி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது என்று அக்கா என்னிடம் சொன்னார்.

எடைக் கருவியை எங்காவது ஒளித்து வைக்கும்படி கணவரிடம் சொல்லியிருக்கிறார். பிறகு அவரே வீடெல்லாம் தேடி, பரணில் கண்டுபிடித்து ஏறியும் நின்றிருக்கிறார். அப்படி நின்றுகொண்டிருக்கும்போது குட்டி வந்துவிட்டாள். அன்றைக்கே அந்தக் கருவி பழைய சாமான்காரனின் வண்டியில் ஏறிப் போயிற்று.

எனக்கு மறக்காதது அவர் பசியைப் பற்றிச் சொன்னதுதான். அட்டை மாட்டத் தொடங்கிய புதிது. நேரம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் டப்பாவைத் திறப்பார். “பசிக்குதான்னு அந்த ஆலோசகரு கேக்குறாங்கடி. எனக்குத் தெரியவே இல்ல. எத்தன வருஷமா அது கத்தியிருக்கும்? கத்திக் கத்தி ஓஞ்சு போச்சு போல.” ஒவ்வொரு வாயையும் பயந்து பயந்து விழுங்குவார். சட்டைப் பொத்தான் இறுக்கிய அன்று கழிவறைக்குப் போய் அழுது சிவந்த கண்ணோடு முகம் கழுவிக்கொண்டு வந்தார். முகம் கழுவத்தான் போனார் என்று நானும் நம்பிய மாதிரி இருந்துகொண்டேன். அடுத்த நாள் சட்டை பிரித்துத் தைக்கப்பட்டிருந்தது. பிறகு எத்தனையோ மாதம் கழித்து, ஒரு காலை நேரம், லாரிக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். “ஏய், பசிக்குதுடி!” காணாமல் போன மாட்டைக் கண்டுபிடித்தவர் மாதிரி ஒரு முகம். என் பையிலிருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தேன். அதை உரித்துத் தின்றபடியே அடுத்த வண்டியை உள்ளே கூப்பிட்டார்.

குட்டியின் வழி அவ்வளவு நேராக இருக்கவில்லை. ஒருநாள் அவளுடைய அலமாரியில் துணிகளுக்கு அடியில் காய்ந்த ரொட்டிகளும் கெட்டுப்போன முட்டைகளும் காகிதத்தில் சுருட்டிக் கிடந்தன. அக்காவுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. “உங்கப்பா விடியறதுக்கு முன்னாடி எழுந்து பண்றாருடி, அத இப்படிச் சுருட்டி வைக்கலாமா?” என்று கத்தியிருக்கிறார்.

“நீ எத்தன வருஷம் நாய்க்குப் போட்ட?” என்று மகள் திருப்பிக் கேட்டாள். விடுமுறையில் கொட்டகைக்கு வந்த நாட்களில் அவள் பார்த்திருக்கிறாள்.

பாலிஷ்காரர் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவரையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். மறுத்துப் பேச வாய் எடுத்தவர், கட்டிலில் உட்கார்ந்தார்.

“போட்டேன். நெறைய வருஷம் போட்டேன். எனக்கு என்னையே பிடிக்கலடி. உனக்கும் அது ஒட்டும்னு தெரியாமப் போச்சு.”

மகள் அழுதாள். இவர் அழவில்லையாம். அன்று ராத்திரி மூவருக்கும் தட்டு வைத்தார். குட்டி பாதிதான் சாப்பிட்டாள். மீதியை யாரும் ஊட்டவில்லை, கெஞ்சவில்லை, எடுத்து மூடி வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவளே வந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். இப்படி முன்னே ஓரடி, பின்னே ஓரடியாக ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. இப்போது அவள் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள். கடிகாரம் மணிக்கட்டிலேயே நிற்கிறது. சில நாள் இன்னும் தட்டை முறைத்துப் பார்ப்பதுண்டு. “வரும், போகும். நான் என்ன ஒரே நாள்லயா கத்துக்கிட்டேன்?” என்கிறார் அக்கா.

போன மாதம் அக்காவின் வீட்டுக்கு நாத்தனார் வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “என்ன, கொஞ்சம் பூசினாப்ல இருக்க?” என்றார். கெட்ட எண்ணம் கிடையாது, பார்த்தவுடன் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை போதும், முன்பென்றால் அக்கா ஒரு வாரம் அடுப்பங்கரைப் பக்கமே போகமாட்டார். அக்காவின் காது மடல் சூடாகிவிட்டதாம். மகள் புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னையே பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்திருக்கிறது.

“ஆமா அண்ணி. வேளைக்குச் சாப்பிடுறேன்” என்றாராம். “வாங்க, நீங்களும் உக்காருங்க.”

“சொன்னேன்டி, அப்படியே சொன்னேன். பயமாத்தான் இருந்துச்சு. ஆனா சொல்லிட்டேன்” என்று மறுநாள் என்னிடம் வந்து சொன்னார். “சாப்பிட்டியா அப்புறம்?” என்று கேட்டேன். “பின்ன? அண்ணிக்கு ரெண்டு தடவ பரிமாறினேன். நானும் ரெண்டாவது தடவ போட்டுக்கிட்டேன். வேணும்னு இருந்துச்சு, போட்டுக்கிட்டேன்.”

இப்போதும் வெள்ளரிக்காய் கொண்டுவருகிறார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குத்தான் திக்கென்றது. “பயப்படாதடி. இத்தன நாள் இதத் தண்டனைன்னு நெனச்சுத் தின்னதுல இதோட ருசியே தெரியல. பாவம், இது என்ன பண்ணுச்சு?” என்று எனக்கும் இரண்டு துண்டு கொடுத்தார். சாயங்காலம் மகளோடு நடக்கப் போகிறார். எவ்வளவு தூரம் என்று கேட்டால் தெரியாது. வழியில் யாரோ ஒரு வீட்டில் புதிதாகக் குட்டி போட்ட பூனையைப் பார்ப்பது வரைக்கும் போவார்களாம்.

நேற்று குட்டிக்குப் பள்ளி விடுமுறை. அம்மாவோடு கொட்டகைக்கு வந்திருந்தாள். நாங்கள் மூவரும் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் டிரைவர் ஒருவர் கேக் டப்பாவோடு உள்ளே வந்தார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. முகமெல்லாம் பல். “எல்லாரும் எடுத்துக்கணும், வேணாம்னு சொன்னா விடமாட்டேன்” என்றார். “குடுங்க அண்ணே, யாரு வேணாம்னு சொன்னா?” என்று அக்கா ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். எனக்கொன்று, குட்டிக்கொன்று. டிரைவர் அடுத்த ஆபீசுக்குப் போய்விட்டார்.

குட்டி கேக்கை அதன் காகிதத்தோடு கையில் வைத்துக்கொண்டிருந்தாள். மேலே க்ரீமால் ஒரு பூ. அவள் அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். ஏதாவது சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அக்கா என் முழங்காலை லேசாகத் தட்டினார். பிறகு தன் நாற்காலியை அப்படியே திருப்பி, மகளுக்கு முதுகு காட்டி, சாலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பின்னால் காகிதம் சரசரத்தது. குட்டி ஒரு வாய் கடித்தது எனக்குத் தெரிந்தது. அக்கா திரும்பவில்லை. போகிற வண்டிகளைப் பார்த்தபடி தன் துண்டைத் தின்று முடித்து, கட்டைவிரலில் ஒட்டியிருந்த க்ரீமை நாக்கால் வழித்துக்கொண்டார்.